பவளம் வெளுத்திருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நன்றாகவே இருந்தது. மேலே இரண்டு அக்ரோபோரா, நடுப்பாறையில் தட்டு மான்டிபோரா, கீழே கிளைவிட்ட ஹேமர், அதன் அருகே சிறிய கேலக்ஸியா, ஓரத்துப் பாறை ஒன்றில் முழுக்கப் பெரிய பழுப்பு நிறச் சோவா என்று பல வகைப் பவளங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியில் இருக்கிறது.

தீபாவளிக்குக் கும்பகோணம் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினோம். மைத்துனர் மீன்களுக்கு இரை போட்டுப் பார்த்துக்கொண்டார். கரைசலை அளந்து ஊற்றும் டோசிங் பம்பின் குழாய் அடைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. பவளம் கூடு கட்டப் பயன்படும் ஆல்கலினிட்டி (தண்ணீரின் கார்பனேட் அளவு, அலகு டிகேஹெச்) 8.4-லிருந்து 6.3-க்கு இறங்கியிருந்தது. பதறிப்போய் அன்றிரவே அதை ஏற்றும் பஃபர் கலந்தேன். மறுநாள் காலை 9.2. கண்ணாடியெல்லாம் பாசி பிடித்திருந்ததால் பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவைப் புதிதாக நிரப்பினேன். இப்போது நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சைபர். அதே வாரத்தில் பழைய டியூப் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன்.

இப்போது ஒரு அக்ரோபோரா அடியிலிருந்து வெள்ளையாக உரிந்துகொண்டு வருகிறது. இரண்டிலுமே கிளைநுனிகள் வெள்ளை. மான்டிபோராவின் மேற்பக்கம் வெளிறிவிட்டது. ஹேமரில் ஒரு பக்கத்துத் தலைகள் சுருங்கிக் கிடக்கின்றன. ஒன்றில் பழுப்பாகச் சளிபோல ஏதோ தொங்குகிறது. கடையில் அயோடின், அமினோ ஆசிட், டிப் மருந்து மூன்றையும் கொடுத்தார்கள். எல்லாப் பவளங்களையும் டிப் செய்துவிடலாமா, அதாவது மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கலாமா? சோவாப் பாறையை எடுத்துக் கொதிக்கவைத்துச் சுத்தமாக்கித் திரும்ப வைக்கலாம் என்றும் இருக்கிறேன். பிழைத்தால் தூத்துக்குடியில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு துண்டு கொண்டுபோகலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன். (வாசகர், பொங்கோல், சிங்கப்பூர்)

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சோவாப் பாறையைத் தயவுசெய்து கொதிக்கவைக்காதீர்கள். வெந்நீர் ஊற்றவும் வேண்டாம், பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம். படத்தில் தெரிவது பெரும்பாலும் சோவா இனத்தைச் சேர்ந்த பாலிதோவா. அதன் உடலில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். கடல் உயிர்களில் இதுவரை கண்டறியப்பட்ட மிகக் கடுமையான நஞ்சுகளில் அது ஒன்று. சூட்டில் அது அழிவதில்லை. ஆவியோடு சேர்ந்து வீடு முழுக்கப் பரவும். பிரிட்டனில் 2018-ல் ஒரு வீட்டில் தொட்டிப் பாறையை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தபோது குடும்பமே மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. உதவிக்கு வந்தவர்களில் சிலருக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. வாயில் உலோகக் கசப்பு, குளிர் காய்ச்சல், மூச்சுத் திணறல், தசைவலி ஆகியவை அதன் அறிகுறிகள். வெட்டும்போது சாறு கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகிவிடும். ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டிருக்கும் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை இந்த வேலைக்கு ஏற்ற இடமே அல்ல.

அந்தப் பாறை இப்போதைக்குத் தொட்டியிலேயே இருக்கட்டும். சோவா நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் அவசரமில்லை. பின்னால் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையுறையும் கண் காப்புக் கண்ணாடியும் அணிந்து, தண்ணீருக்குள்ளேயே பாறையை வாளிக்கு மாற்றி, மூடியைப் போட்டு, பழக்கமுள்ள கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சோவாவைத் தொட்டபின் வீட்டில் யாருக்காவது மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால் மருத்துவமனையில் "பாலிடாக்சின்" என்ற பெயரைச் சொல்லிவிடுங்கள். எல்லா மருத்துவருக்கும் அது உடனே நினைவுக்கு வராது.

இரண்டாவது கேள்வியான டிப். ஹேமர் ஒன்றைத் தவிர வேறெதையும் இப்போது டிப் செய்ய வேண்டாம். டிப் மருந்து பூச்சிகளை உதிர்ப்பதற்கானது. தண்ணீரால் நொந்துபோன பவளத்துக்கு அது இன்னொரு அடியாகத்தான் விழும். அயோடினையும் அமினோ ஆசிட்டையும் தொட்டியில் ஊற்றாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரே வாரத்தில் மூன்று பெரிய மாற்றங்கள் தெரிகின்றன: ஆல்கலினிட்டி ஏறியது, சத்து (நைட்ரேட், பாஸ்பேட்) இறங்கியது, விளக்கு மாறியது. அவற்றின் மேல் நாலாவது, ஐந்தாவது மாற்றத்தையும் சேர்த்தால் எது எதற்குக் காரணம் என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது. என்னிடம் வரும் தொட்டிகளில் நோயால் போகும் பவளங்களைவிட, நோய் என்று நினைத்து அடுத்தடுத்துக் கொட்டப்படும் மருந்துகளால் போகும் பவளங்களே அதிகம்.

இனி நோயைக் கண்டறிவோம். "வெள்ளை" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றும் வேறு வேறு.

பவளத்தின் உயிருள்ள பகுதி மெல்லிய சதைப்படலம்தான். அதன் உள்ளடுக்குச் செல்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் சமைக்கும் சர்க்கரைதான் பவளத்தின் முக்கிய உணவு. பழுப்பு நிறமும் அவற்றால் வருவதே. அந்தப் பாசிகள் வெளியேறிவிட்டால் சதை கண்ணாடிபோல ஆகி, உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். இதுதான் வெளுப்பு. வெளுத்த பவளம் பட்டினி கிடக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. சதையே உரிந்து கூடு அம்மணமாக நிற்பது வேறு விஷயம். அந்த இடத்தில் உயிர் போய்விட்டது. பக்கத்துச் சதை வளர்ந்து வந்து மூடினால்தான் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். விளக்கை வெள்ளை ஒளிக்கு மாற்றி, பக்கவாட்டில் ஒரு டார்ச் அடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஈரமான வழவழப்பும் பாலிப்பின் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிரின்) சிறு கைகளும் தெரிந்தால் வெளுப்பு. சொரசொரப்பான, ஓட்டை ஓட்டையான சுண்ணாம்பு தெரிந்தால் உரிவு. பிறகு நீல விளக்கை மட்டும் போடுங்கள். உயிருள்ள சதை பெரும்பாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும், வெறும் கூடு மங்கலாகவே இருக்கும். நான்கைந்து நாள் பொறுத்தால் இன்னொரு சான்றும் கிடைக்கும்: வெறும் கூட்டில் பச்சைப் பாசி படியத் தொடங்கிவிடும், உயிருள்ள சதையின் மேல் படியாது. நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே நீல ஒளியில் எடுத்தவை. பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் நோய் பார்க்க உதவவில்லை.

அக்ரோபோராவின் அடியில் தெரிவது உரிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லைக் கோடு கூர்மையாக இருக்கிறது. ஒரு பக்கம் நிறம் மாறாத சதை, மறுபக்கம் வெறும் கூடு, இடையில் வெளிறிய பட்டை எதுவும் இல்லை. ஆனால் நுனிகளைப் பற்றிப் பயப்படும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். நன்றாக வளரும் அக்ரோபோராவின் நுனி இயல்பாகவே வெள்ளையாகத்தான் இருக்கும். புதுச் சதையில் பாசிகள் குறைவு என்பதே காரணம். அப்படிப்பட்ட நுனி வழவழப்பாக, சுற்றிலும் பாலிப்புகளோடு இருக்கும். கருகிய நுனி உலர்ந்த எலும்புபோல நின்று, சில நாளில் பழுப்புப் படலம் பிடிக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் பெரிய அக்ரோபோராவின் நுனிகளில் அந்தப் படலம் லேசாகத் தெரிகிறது. சிறியதில் இல்லை. சிறியதன் நுனிகள் வளர்கின்றன என்றே நினைக்கிறேன்.

பெரியதற்கு என்ன ஆயிற்று? 6.3 என்ற எண்ணைப் பார்த்துப் பதறியிருக்கிறீர்கள். ஆனால் இயற்கைக் கடலின் ஆல்கலினிட்டியே ஏறத்தாழ 7 டிகேஹெச்தான். இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல 6.3-க்கு இறங்கியதைப் பவளம் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தாங்கியிருக்கும். நீங்கள் ஊரிலிருந்து வந்து பார்த்தபோது எதுவும் உரிந்திருந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. காயம் பட்டது அந்த ஒரே இரவில்தான், 2.9 டிகேஹெச் ஏறியபோது. தொட்டியில் பாறையும் மணலும் போக 270 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 23, 24 கிராம் சோடியம் பைகார்பனேட்டுக்குச் சமம். ஒரு நாளைக்கு அரை டிகேஹெச், அதாவது சுமார் 4 கிராம், அதற்குமேல் ஏற்றாமல் இருப்பதே நல்லது. பஃபரில் சோடியம் கார்பனேட்டும் கலந்திருந்தால் பிஹெச்சும் கூடவே துள்ளியிருக்கும். டப்பாவின் லேபிளைப் பாருங்கள்.

இதோடு சத்துக் குறைவும் சேர்ந்துகொண்டது. ஆல்கலினிட்டி ஏறினால் கூடு கட்டும் வேகம் கூடுகிறது. அதற்கு ஈடுகொடுத்துச் சதை வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அவை இரண்டையும் நீங்கள் அதே வாரத்தில் துடைத்தெடுத்துவிட்டீர்கள். சத்துக் குறைந்த தண்ணீரில் 9-க்கு மேல் ஆல்கலினிட்டி வைத்திருப்பவர்களின் தொட்டியில் நுனி கருகுவதும் அடி உரிவதும் சேர்ந்தே வருவதைப் பவளம் வளர்ப்போர் பலரும் கண்டிருக்கிறார்கள். நானும் திரும்பத் திரும்பக் காண்கிறேன். உங்கள் பெரிய அக்ரோபோராவிடம் இரண்டு அடையாளங்களும் இருக்கின்றன.

ஆனாலும் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை பாக்கி. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று உண்டு. உடல் ஒளிபுகுமளவுக்கு மெல்லியது; தின்ற பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். பம்புகளை நிறுத்திவிட்டு, பெரிய பிப்பெட்டால் கிளைகளின் மேல் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். நீள்வட்டச் செதில்போல ஏதாவது மிதந்து வந்தால் அதுதான். சதையில் வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடங்கள் இருக்கிறதா, உரிந்த கூட்டின் ஓரத்தில் பழுப்பு முட்டைக் கொத்து ஒட்டியிருக்கிறதா என்றும் தேடுங்கள். புழு இருந்தால் சிகிச்சை முழுக்க மாறிவிடும். டிப் செய்தால் புழு உதிரும், முட்டை சாகாது. முட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும், வாரம் ஒருமுறை என்று பல வாரம் டிப் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டாகப் பிரச்சினை இல்லாத தொட்டி, அண்மையில் புதுப் பவளம் வாங்கியதாகவும் நீங்கள் சொல்லவில்லை. அதனால் வாய்ப்பு குறைவு என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பாருங்கள், பத்து நிமிட வேலை.

புழு இல்லையென்றால் செய்ய வேண்டியது இது. பஃபரை நிறுத்துங்கள். 9.2-ஐ இறக்குவதற்காக எதையும் கலக்காதீர்கள். பவளங்கள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தானாக இறங்கும். 8-க்கு அருகில் வந்ததும் டோசிங்கைத் தொடங்குங்கள், ஆனால் பழைய அளவில் பாதி மட்டும். இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நோயுற்ற பவளம் வளர்வதில்லை, அதனால் ஆல்கலினிட்டியைப் பயன்படுத்துவதும் குறைந்துவிடும். நலமாக இருந்த காலத்து அளவையே ஊற்றினால் எண் மறுபடி ஏறி, இரண்டாவது அடி விழும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, இறங்கும் வேகத்தைப் பார்த்து அளவைக் கூட்டுங்கள்.

பாஸ்பேட் மீடியாவை இன்றே எடுத்துவிடுங்கள். மீன்களுக்கு இரையைச் சற்றுக் கூட்டுங்கள். கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மரை இரவில் சில மணி நேரம் நிறுத்தலாம். நைட்ரேட் 5-ஐ ஒட்டி, பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1-க்குள் என்று மெல்ல வந்து நிற்கட்டும். பாறைகள் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், அதனால் முதல் சில நாள் எண் அசையாது. அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். கண்ணாடியில் பாசி வந்தால் வரட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் மாற்றுவதாக இருந்தால் முதலில் உங்கள் உப்பைக் கரைத்து அதன் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்புகளில் பல 11, 12 காட்டும். நல்லது செய்வதாக நினைத்து 30 சதவீதத் தண்ணீரை மாற்றினால் மறுபடி ஏற்றிவிடுவீர்கள். பத்து சதவீதம் போதும்.

உரிவின் வேகத்தைக் கவனியுங்கள். ஒரே கோணத்தில், ஒரே விளக்கில், காலையும் மாலையும் படம் எடுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் தண்ணீரை நிலைப்படுத்திக் காத்திருக்கலாம். சில மணி நேரத்தில் சென்டிமீட்டர் கணக்கில் உரிந்தால் காத்திருக்கவே கூடாது. எல்லைக்கு மேலே, நலமான சதையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி எலும்புக் கட்டரால் வெட்டி, நுனித்துண்டுகளை ஜெல் பசையால் சிறு கட்டைகளில் ஒட்டி, நல்ல நீரோட்டம் உள்ள, சற்று நிழலான இடத்தில் வையுங்கள். தாய்ப்பவளம் போனாலும் அந்தத் துண்டுகளிலிருந்து அதே பவளம் மறுபடி வளரும்.

மான்டிபோரா இதைவிட எளிது. உங்கள் படத்தில் அந்தத் தட்டின் ஒரு மூலை, மேலே இருக்கும் அக்ரோபோராவின் நிழலில் இருக்கிறது. அந்த மூலையில் மட்டும் பழைய ஆரஞ்சு நிறம் அப்படியே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெளிறியிருக்கிறது, ஆனால் பாலிப்புகள் தெரிகின்றன. தண்ணீர்தான் காரணம் என்றால் நிழலும் வெளிச்சமும் சேர்ந்தே வெளுத்திருக்கும். இது விளக்கு செய்த வேலை. எல்இடியின் நீலம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றும். பவளத்தின் பாசிகளுக்கோ அதுதான் உண்பதற்கு ஏற்ற ஒளி. நிழலில் வளர்ந்த ரோஜாத் தொட்டியை ஒரே நாளில் சித்திரை வெயிலில் கொண்டுபோய் வைத்ததுபோல ஆகிவிட்டது. ஒளி தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது பாசிக்குள் தீங்கான ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. செல்லைக் காப்பாற்றிக்கொள்ளப் பவளம் பாசியை வெளியேற்றுகிறது.

இங்கும் உங்கள் பாஸ்பேட் மீடியாவுக்குப் பங்கு உண்டு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பாஸ்பேட் பற்றாக்குறையில் இருக்கும் பவளங்கள் சூட்டிலும் ஒளியிலும் எளிதாக வெளுத்துவிடுகின்றன என்று காட்டியது. பவளத் தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று நம் தொட்டிப் பழக்கத்தில் ஊறிப்போன நம்பிக்கையை நான் விட்டதற்கு அந்த வகை ஆய்வுகளும் ஒரு காரணம்.

விளக்கின் சக்தியைப் பாதியாகக் குறையுங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சிங்கப்பூரில் பவளத்துக்கு எட்டும் ஒளியை அளக்கும் பார் மீட்டரை வாடகைக்குத் தரும் கடைகள் இருந்தால் ஒரு நாள் வாங்கி அளந்துவிடுங்கள். மான்டிபோரா இருக்கும் இடத்தில் 150-ஐ ஒட்டியும், ஹேமருக்கு அதைவிடக் குறைவாகவும் இருந்தால் போதும். தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மான்டிபோராவைத் தின்னும் வெள்ளை நத்தைப்பூச்சி (ஓடில்லாத சிறு கடல் நத்தை) அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன் கடியில் சதை வெளிறாது, விளிம்பிலிருந்து உரிந்தே போகும்.

சில்லர் 26 காட்டுகிறது என்கிறீர்கள். நீங்கள் ஊரில் இருந்த இரண்டு வாரமும் ஜன்னல் சாத்திய வீட்டில் அது தாக்குப்பிடித்ததா? காட்சித் திரையில் இப்போது தெரியும் எண் அதைச் சொல்லாது. உச்சத்தையும் தாழ்வையும் பதிவு செய்யும் மலிவான வெப்பமானி ஒன்றைத் தொட்டியிலேயே போட்டு வையுங்கள். கடலில் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் 1 டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே பவளம் வெளுக்கத் தொடங்குகிறது. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளே 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் அப்படி வெளுத்தன. உங்கள் தொட்டியில் நிழல் மூலை தப்பியிருப்பதால் இந்த முறை ஒளியைத்தான் முதலில் சொல்வேன். ஆனாலும் அந்த வெப்பமானி இல்லாமல் அடுத்த பயணம் போகாதீர்கள்.

ஹேமரின் விஷயம் தனி. மற்ற பவளங்களுக்கு வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது என் ஊகம். காரணம், ஒரு பக்கத்துத் தலைகள் மட்டுமே சுருங்கியிருக்கின்றன, அது கேலக்ஸியா இருக்கும் பக்கம். பகலில் அந்தக் கேலக்ஸியா சின்ன நட்சத்திரப் பூக்களாக அடக்கமாகத்தான் இருக்கும். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு வந்து பாருங்கள். நூல்போல நீண்ட, நுனி வெளுத்த கைகளை நீரோட்டத்தின் போக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சாணைத் தாண்டியும் அவை நீளும். தொட்ட இடத்தில் சதை வெந்துபோகும். கேலக்ஸியாவைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, நீரோட்டம் ஹேமரிலிருந்து அதை நோக்கிப் போகும்படி வையுங்கள்.

அடுத்து அந்தப் பழுப்புச் சளி. இங்கே இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் சிகிச்சை வேறு. விளக்கு மாறிய பவளம் தன் பாசிகளை வாய்வழியே பழுப்பு நூலாகக் கக்கும். அப்போது சளி வாயிலிருந்து மட்டும் வரும், சுற்றியுள்ள சதை முழுதாக இருக்கும், பீய்ச்சினால் கரைந்துபோகும், நாற்றமில்லை. அதற்கு ஒளியைக் குறைப்பதே போதும். மற்றது பழுப்பு ஜெல்லி நோய். அது சதையின் மேலேயே அப்பிக்கொள்ளும், அடியில் சதை கூழாகி உருகும், தண்ணீரை விட்டு எடுத்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் குற்றிழை உயிரிகள் (மயிரிழைகளால் நீந்தும் ஒருசெல் உயிர்கள்) கூட்டமாக நீந்தும். கேலக்ஸியா சுட்ட காயத்தில் இது பின்னால் தொற்றியிருக்கலாம்.

எது என்று தெரியாத நிலையில் அந்தத் தலையின் மேல் பிப்பெட்டால் பீய்ச்சிப் பார்க்காதீர்கள். ஜெல்லியாக இருந்தால் தொட்டி முழுக்கப் பரப்பிவிடுவீர்கள். பம்புகளை நிறுத்தி, மெல்லிய காற்றுக்குழாயால் சளியை வாளிக்கு உறிஞ்சி எடுங்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பாதீர்கள். முகர்ந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் பவளத்தைத் தனிப் பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரோடு எடுத்து, நோயுற்ற தலையைக் கிளையோடு வெட்டி எறியுங்கள். உங்களுடையது கிளைவிட்ட வகை என்பதால் இது முடியும். சுவர்போல வளரும் ஹேமராக இருந்தால் இவ்வளவு எளிதாக இராது. மீதித் தலைகளுக்கு மட்டும் கடையில் கொடுத்த அயோடின் டிப்பை லேபிளில் சொன்ன அளவிலும் நேரத்திலும் கொடுங்கள், அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம். கத்தரி, பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகே மற்றப் பவளங்களுக்குப் பயன்படுத்துங்கள். நலமான தலைகள் விரியத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒருமுறை சிறு மைசிஸ் இறால் ஒன்றிரண்டை வாயருகே வையுங்கள். ஹேமர் நன்றாகச் சாப்பிடும்.

இத்தனையும் உங்கள் எண்கள் சரி என்ற நம்பிக்கையில் சொன்னவை. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ (வடிகட்டிய) தண்ணீரால் சைபருக்குச் சரிசெய்வது போதாது. 35 பிபிடி தரக் கரைசல் ஒன்றை வாங்கி அந்த இடத்திலேயே சரிபாருங்கள். ஆல்கலினிட்டி கிட்டுக்கும் அப்படி ஒரு தரக் கரைசல் கிடைக்கிறது. இன்னொன்று: சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமைன் இருக்கிறது. குளோரினைப் போல வாளியில் ஒரு இரவு வைத்தால் அது பறந்துவிடாது. உங்கள் ஆர்ஓ கருவியின் கார்பன் வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நினைவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து எனக்கு எழுதும்போது வெள்ளை விளக்கில் எடுத்த படங்கள், நாள்தோறும் அளந்த ஆல்கலினிட்டி, வெப்பமானியின் உச்சம், தாழ்வு ஆகியவை இருந்தால் போதும். தேறுகிறதா என்பதை அக்ரோபோராவின் நிறத்தை வைத்துப் பார்க்காதீர்கள், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். உரிந்த எல்லையைப் பாருங்கள். கூர்மையாக இருந்த கோடு சற்றுத் தடித்து, உதடுபோலச் சுருண்டு வெறும் கூட்டின் மேல் ஏறத் தொடங்கினால் பவளம் பிழைத்துக்கொண்டது.

தூத்துக்குடித் தம்பிக்குத் துண்டு கொண்டுபோவது முடியாது. கல்பவளங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. இந்தியாவிலோ 2001-லேயே அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் தோண்டி எடுக்கப்பட்டு அழிந்த வரலாற்றைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் வளர்ந்த துண்டு என்று சொன்னாலும் சட்டத்தின் முன் எடுபடாது. தம்பிக்கு ஆசை இருந்தால் மீன்களோடு தொடங்கட்டும். ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கிளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடித்ததை வாங்காமல், அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த ஒரு ஜோடியைத் தேடி வாங்கச் சொல்லுங்கள்.